சிலந்தி மனிதன் மேல் பழி போடும் தமிழாசிரியர்கள்

சென்ற ஆண்டு ஈரோட்டுக் கல்லூரி ஒன்றில், வாசிப்பு ஏன் வீழ்ந்தது என்னும் பொருள் குறித்துக் கருத்தரங்கு ஒன்று நடந்தது. நாமும் கட்டுரை வாசிக்கச் சென்றிருந்தோம். காலை அமர்வில் பேசிய மூத்த பேராசிரியர் ஒருவர், தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் வாசிக்காமல் போனமைக்கு ஒரே காரணம் கையடக்க வீடியோ கேம் கருவிதான் என்று அடித்துச் சொன்னார். சிலந்தி மனிதனும் இரும்பு மனிதனும் பச்சை ராட்சதனும் நம் பிள்ளைகளின் மூளையைத் தின்றுவிட்டார்கள் என்றார். குத்து, உதை, வெடி. இவற்றைத் தவிர அவற்றில் ஒன்றுமே இல்லை என்றார். அரங்கம் கைதட்டிற்று. நாமும் கைதட்டினோம் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். இக்கட்டுரை அந்தக் கைதட்டலுக்கான கழுவாய்.

அக்கருத்தரங்கு முடிந்து சில வாரங்களில் தீபாவளி வந்தது. தமக்கை வீட்டுக்குச் சென்றிருந்தோம். தமக்கை மகனுக்குப் பதினொரு வயது. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவனுக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் என்னும் கையடக்கக் கருவியைப் பரிசளித்திருந்தார். அதில் அவன் ஆடிக்கொண்டிருந்தது ‘மார்வெல் அல்டிமேட் அலையன்ஸ் 3’ என்னும் ஆட்டம். 2019ஆம் ஆண்டு ஜூலையில் வெளியானது. நான்கு நாயகர்களை ஒரே நேரத்தில் களத்தில் இறக்கி, ஒருவரிலிருந்து ஒருவருக்கு மாறி மாறி ஆடவேண்டும். எல்லையற்ற ஆற்றல் கொண்ட ஆறு கற்களைத் தானோஸ் என்னும் கொடியவனின் கைக்குப் போகாமல் தடுப்பதே கதை.

பேராசிரியரின் சொற்பொழிவு செவியில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்ததால், எதிரியை நேரில் பார்த்துவிடும் எண்ணத்தோடு அருகே அமர்ந்தோம். முதலில் கண்ணில் பட்டது சண்டை அன்று, வேறொன்று. சண்டைகளுக்கு இடையே நாயகர்கள் பேசுகிறார்கள். ஒருவரையொருவர் கேலி செய்கிறார்கள், ஐயுறுகிறார்கள், திட்டமிடுகிறார்கள். திரையின் அடியில் அப்பேச்சு எழுத்தாகவும் ஓடுகிறது. நம் மருமகனோ ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தானை அழுத்தி அப்பேச்சைத் தாண்டிக்கொண்டே போனான். ஏனப்பா தாண்டுகிறாய் என்று கேட்டோம்.

“அது சும்மா பேசீட்டே இருக்கும் மாமா. தள்ளி உட்டாத்தான் சண்டை வரும்.”

என்ன பேசுகிறார்கள் என்று கேட்டோம். தெரியாது என்றான். ஆங்கில வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை அவன். ஆயினும் அமெரிக்க உச்சரிப்பில் விரையும் பேச்சு அவன் காதில் நிற்கவில்லை. அடியில் ஓடும் எழுத்தை அவ்வேகத்தில் படிக்கவும் முடியவில்லை. ஆகவே கதையை வீசிவிட்டுக் குத்தை மட்டும் வைத்துக்கொண்டான்.

அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது. குத்தும் உதையும் தவிர ஒன்றுமில்லை என்று பேராசிரியர் சொன்னது ஒரு வகையில் உண்மை. ஆனால் அவ்வாட்டத்தை ஆக்கியவர்கள் அதை அப்படி ஆக்கவில்லை. நம் பிள்ளையின் கைக்கு வந்து சேர்ந்தபோதுதான் அது அப்படி ஆயிற்று. கதையாக இருந்தது மொழியில். அந்த மொழி நம் பிள்ளைக்கு எட்டவில்லை. எட்டும் மொழியில் அதை வைத்திருக்க வேண்டியவர் எவரோ அவர் வைக்கவில்லை.

ஒரு சோதனை செய்து பார்த்தோம். தாண்டாதே, நாம் சொல்கிறோம் என்று அருகில் இருந்தபடி ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொல்லத் தொடங்கினோம். ராஃப்ட் என்னும் சிறையிலிருந்து கொடியவர்கள் தப்பும் கட்டம். முதல் பத்து நிமிடம் அவனுக்கு எரிச்சல். பிறகு பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். பிறகு கேள்விகள் வந்தன. அந்தக் கல் கிடைத்தால் தானோஸுக்கு என்ன பயன்? அவனுடைய ஆட்கள் ஏன் அவனுக்கு அடிமைகளாக இருக்கிறார்கள், ஓடிப்போகக் கூடாதா? சாப்பிட அழைத்தபோது கருவியைக் கீழே வைத்துவிட்டு வந்தவன், சோற்றைப் பிசைந்துகொண்டே, “அப்புறம் என்னாச்சுங்க மாமா?” என்று கேட்டான். உடுக்கடிப் பாட்டுக் கேட்கத் திண்ணையில் அமர்ந்திருந்த கொங்குப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கேள்வி அது. கதை கேட்கும் பசி எங்கும் போய்விடவில்லை, நண்பர்களே. பரிமாற ஆளில்லை, அவ்வளவுதான்.

நம் தலைமுறைக்குப் பரிமாற ஆள் இருந்தார்கள். அவர்களும் தமிழ்த்துறைக்காரர்கள் அல்லர். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் ‘வேலியண்ட்’ என்னும் வார இதழில் 1962 முதல் உலவிய ஆள். ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது, ஸ்பைடர் வந்தான். இவர்களில் ஒருவரும் தமிழ் மண்ணில் பிறந்தவர் அல்லர். ஆனால் அனைவரும் தமிழ் பேசினார்கள். சிவகாசியில் அமர்ந்து யாரோ சிலர் அந்தப் பேச்சுக் குமிழ்களுக்குள் தமிழை அளந்து அளந்து நிரப்பினார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஈரோட்டுத் தெருக்களில் வளர்ந்த நாம், வாடகை நூலகத்தில் அந்த இதழ்களுக்காக முறை வைத்துக் காத்திருந்தோம். ‘அந்தோ’, ‘தொலைந்தான்’, ‘எத்தன்’ போன்ற சொற்களை நாம் பாடநூலிலிருந்து அறியவில்லை.

அன்றும் பேராசிரியர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஏழாம் வகுப்பில் நம் தமிழாசிரியர் ஒருவர், புத்தகத்துக்குள் மறைத்து வைத்திருந்த ஸ்பைடர் இதழைப் பறித்து, வகுப்பு முழுவதும் பார்க்க இரண்டாகக் கிழித்தார். தமிழ் கெட்டுவிடும் என்றார். அந்த வகுப்பிலிருந்து தமிழ் முதுகலை வரை படித்த மாணவன் ஒருவனே; இதழைப் பறிகொடுத்தவன். இதை வெற்றிப் பெருமிதத்தோடு சொல்லவில்லை. இன்று பேராசிரியரின் இருக்கையில் நாம் அமர்ந்திருக்கிறோம். அன்று கிழித்த கை இன்று நம் தோளில் முளைத்திருக்கிறதோ என்னும் அச்சத்தோடு சொல்கிறோம். ஆகஸ்டு மாத ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி லயன்-முத்து காமிக்ஸ் வாசகர்கள் கூடிப் பேசுவது பல ஆண்டு வழக்கம். நரைத்த மீசைகளோடு வந்து, மாயாவியைப் பற்றி உரக்க வாதிடும் அவர்களைப் பாருங்கள். அவர்கள் தமிழ் வாசிப்பதை விட்டவர்கள் அல்லர்.

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். தமிழாசிரியரிடம் பேசும்போது இலக்கணம் வைத்துப் பேசுவதே முறை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என வகுத்தார். அவற்றுள் ஒன்று விளையாட்டு. பெருமிதம் பிறக்கும் இடம் நான்கனுள் ஒன்று தறுகண், அதாவது அஞ்சாமை. விளையாட்டையும் தறுகண்மையையும் சேர்த்துக் கட்டினால் வருவது, மருமகன் கையில் இருந்த ஆட்டம்தான். இளங்கோவடிகள் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி என வைத்தார்; காய், பந்து, ஊஞ்சல் ஆகிய மூன்றும் விளையாட்டுக் கருவிகள். அம்மானைக் காயை மேலே எறிந்து பிடிக்கும் மகளிர், ஒருத்தி சொல்ல, ஒருத்தி வினவ, ஒருத்தி விடையிறுக்க, அதிலிருந்து ஒரு பாடல் வடிவமே பிறந்தது. பிள்ளைத்தமிழில் சிறுதேரும் சிறுபறையும் பருவங்களின் பெயர்களாயின. கையில் விளையாட்டுக் கருவி கண்டவுடன் அதைப் பாட்டாக்கிய மொழி இது. அம்மொழியின் ஆசிரியர்கள் இன்று கையில் விளையாட்டுக் கருவி கண்டவுடன் கண்டனத் தீர்மானம் எழுதுகிறார்கள். வீழ்ந்தது பிள்ளைகளின் வாசிப்பு மட்டும்தானா?

எதிர்வாதங்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீடியோ கேம் அடிமையாக்கும் என்பர். மெய்தான், மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றுள்ளது. 2022 முதல் அது நடைமுறையில் உள்ளது. உணவையும் உறக்கத்தையும் படிப்பையும் மறந்து, தீங்கு என்று தெரிந்தும் விட முடியாமல் ஆடுவதையே அது கோளாறு என்கிறது. விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஆடுவதை அன்று. கட்டுப்படுத்த வேண்டியது பெற்றோரின் கடமை. இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். கருத்தரங்கில் ஆன்லைன் ரம்மியால் உயிரிழந்தோரையும் ஸ்விட்ச் கருவியையும் ஒரே மூச்சில் பேசினார்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற சட்டம் பணம் வைத்து ஆடும் சூதைத் தடை செய்ய வந்தது. சூது வேறு, விளையாட்டு வேறு. பாரதம் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

வன்முறை என்பர். களவழி நாற்பதும் கலிங்கத்துப்பரணியும் பாடத்திட்டத்தில் வைத்து நடத்துகிறோம். பரணியில் பேய்கள் கூழ் அட்டு உண்ணும் பகுதியைத் தேர்வில் கேட்கிறோம். அங்கே நமக்கு வன்முறை தெரிவதில்லை; ஏனெனில் மொழி அதைத் தாங்குகிறது, பொருள் கொடுக்கிறது. மொழியைக் கழித்துவிட்டால் பரணியும் வெறும் வெட்டுக்குத்துதான். நம் மருமகனுக்கு நேர்ந்ததும் அதுவே.

சந்தை இல்லை, அதனால் தமிழ் இல்லை என்பர். இது வலுவான வாதம். ஸ்விட்ச் கருவி 2017இல் உலகச் சந்தைக்கு வந்தபோது இந்தியாவில் அதிகாரபூர்வமாக வெளியிடப்படவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. விலையோ எளியவர் வாங்கும் விலை அன்று. ஆயினும் அக்கருவியின் முகப்பில் தேர்ந்துகொள்ளும் மொழிகளின் பட்டியலில் டச்சு மொழி உண்டு. அதைப் பேசுவோர் ஏறத்தாழ 2.5 கோடி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 6.9 கோடி. அப்பட்டியலில் தமிழ் இல்லை. தொகை போதவில்லை என்று சொல்ல முடியாது. வாங்கும் வலிமையும் கேட்கும் குரலும் போதவில்லை. சிலந்தி மனிதன் திரைப்படம் ஒன்று 2023இல் இந்தியாவில் தமிழ் உள்ளிட்ட பத்து மொழிகளில் வெளியாயிற்று. திரையரங்கில் கேட்டார்கள், கிடைத்தது. விளையாட்டில் கேட்டவர் யார்? தமிழ்த்துறைகளிலிருந்து ஒரு கடிதமாவது போயிருக்குமா?

கேளாமலே செய்து காட்டியவர்களும் உண்டு. ‘மைன்கிராஃப்ட்’ என்னும் உலகறிந்த ஆட்டத்தின் கணினிப் பதிப்பில் தமிழைத் தேர்ந்துகொள்ளலாம். தன்னார்வலர்கள் ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்து ஏற்றியது அது. 2023இல் டொராண்டோவிலிருந்து விசை கேம்ஸ் என்னும் சிறு குழு ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதன் பெயர் ‘வெண்பா’. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, கிழிந்து எழுத்தழிந்த குடும்பச் சமையற்குறிப்பைக் கொண்டு இட்டிலியும் புட்டும் சமைத்து, மகனுக்கும் தனக்குமிடையே அறுந்துபோகும் மொழியை இழுத்துப் பிடிக்கிறாள். அது மேற்சொன்ன அதே ஸ்விட்ச் கருவியிலும் ஓடுகிறது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்கான விருதை அதற்கு வழங்கியது. நாம் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், எவரோ நம் யாப்பின் பெயரை உலகின் கைகளில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

அது சமையல், அதிரடி நாயகர் ஆட்டம் நம்மால் ஆகுமா என்று கேட்கலாம். புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் குழு 2020இல் ‘ராஜி’ என்னும் அதிரடி ஆட்டத்தை முதலில் ஸ்விட்ச் கருவிக்கே வெளியிட்டது. அரக்கர் கவர்ந்த தம்பியைத் தேடித் திரிசூலத்தோடு புறப்படும் சிறுமியின் கதை. அதைப் பற்றி அறிந்தபோது நமக்கு நினைவு வந்தவள் தங்காள்.

ஈரோட்டில் இருந்துகொண்டு தங்காளை விளக்க வேண்டியதில்லை. எனினும் வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறோம். அண்ணன்மார் கதை கொங்கின் காப்பியம். பொறுமையே உருவான பொன்னர், சினமே உருவான சங்கர் என்னும் இரட்டையர், அவர்தம் தங்கை தங்காள், உடன் வரும் சாம்புகன், வளநாட்டை அழிக்க வரும் கொம்பன் என்னும் மாபெரும் காட்டுப்பன்றி, இறுதியில் படுகளம். போர்க்களத்தில் வீழ்ந்த அண்ணன்மாரைத் தேடித் தங்காள் நடக்கும் நடை, கல்லையும் கரைக்கும். மருமகனின் ஆட்டத்தில் இரு நாயகர்கள் தம் ஆற்றலை ஒன்றாக்கி ஏவும் தாக்குதல் ஒன்று உண்டு. வீழ்ந்தவனை அருகில் நிற்கும் தோழன் எழுப்புவதும் உண்டு. முதலாவதைப் பொன்னரும் சங்கரும் செய்தார்கள். இரண்டாவதை இன்றும் படுகளச் சடங்கில், வீழ்ந்து கிடப்போரை எழுப்பிச் செய்து காட்டுகிறோம். இந்த இலக்கணம் நமக்குப் புதிதன்று.

இக்கதைக்கு நாம் என்ன செய்தோம்? கவிஞர் சக்திக்கனல் 1971இல் ‘அண்ணன்மார் சுவாமி கதை’யைப் பதிப்பித்தார், அவரை வணங்குகிறோம். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் கொங்குச் சிற்றூர் ஒன்றில் தங்கி, பல இரவுகள் பாடப்பட்ட இக்கதையை ஒலிப்பதிவு செய்தார். நூலாக்கினார். பிறகு அவரே முன்னின்று இதை 26 பகுதிகள் கொண்ட இயங்குபடத் தொடராகவும் ஆக்கினார். சித்திரக்கதை உருவாக்கியவரும் அவரே. நம் கல்லூரிகளில் இக்கதையைப் பற்றி ஆய்வேடுகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றையேனும் பதினொரு வயதுப் பிள்ளை திறந்து பார்க்குமா?

கண்டிப்பது எளிது, ஆகவே நாம் செய்ததைச் சொல்லி முடிக்கிறோம். இப்பருவத்தில் மொழிபெயர்ப்புத் தாள் படிக்கும் மாணவர் அறுவரிடம் அந்த ஆட்டத்தின் முதற்பகுதி உரையாடலைக் கேட்டெழுதித் தமிழாக்கச் சொன்னோம். முதல் நாளே சண்டை. சிலந்தி மனிதன் இளையவன். கேப்டன் அமெரிக்கா மூத்தவர். அவன் அவரை ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா? ஆங்கிலத்தில் எழாத கேள்வி இது. ‘நீங்கள்’ என்றால் நட்பு போய்விடும் என்றார்கள் மூவர். ‘நீ’ என்றால் ஈரோட்டில் எவனும் ஒப்பமாட்டான் என்றார்கள் மூவர். ஒரு மாணவி, “அண்ணா, நீங்க” என்று போட்டுவிடலாம் ஐயா என்றார். வகுப்பு சிரித்தது, பிறகு அமைதியாயிற்று, பிறகு ஒப்புக்கொண்டது. பாடத்திட்டத்தில் உள்ள எந்தக் கட்டுரையை மொழிபெயர்த்தபோதும் இவர்கள் தமிழின் ஒரு விகுதிக்காக இவ்வளவு நேரம் போராடி நாம் கண்டதில்லை.

அத்தமிழாக்கத்தை அச்சிட்டு மருமகனிடம் கொடுத்தோம். எழுத்துக் கூட்டித்தான் படித்தான். ஒரு பக்கம் படிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. ஆனால் படித்தான், கருவியை மடியில் வைத்துக்கொண்டு, தாளைப் பார்த்துத் திரையைப் பார்த்து, திரையைப் பார்த்துத் தாளைப் பார்த்துப் படித்தான்.

கருத்தரங்கப் பேராசிரியருக்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. அடுத்த கூட்டத்தில் கண்டனத் தீர்மானம் கொண்டு வருமுன், தங்கள் வீட்டுப் பிள்ளையின் அருகில் ஒரு மணி நேரம் அமருங்கள் ஐயா. அவன் எந்த இடத்தில் பொத்தானை அழுத்திப் பேச்சைத் தாண்டுகிறான் என்று பாருங்கள். தமிழாசிரியருக்கு அங்கே வேலை இருக்கிறது.